கணினியில் வரையக் கற்போர் எதனைக் கைக்கொள்ளலாம்?

(பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்)

குயவர் பானை வனைவதற்கு முன்பே அப்பானை அவர் மனத்தில் உருவாகிவிடுகின்றது. தச்சர் உளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நாற்காலியின் கால்களை எண்ணத்தில் செதுக்கிவிடுகின்றார். வாசலில் புள்ளி வைக்கும் நம் அன்னையரோ, முதற் புள்ளியை இடும்போதே முடிந்த கோலத்தைக் கண்டுவிடுகின்றனர். எண்ணத்தில் எழுந்த வடிவத்தைப் பிறரும் காணும்படி அளவோடு வரைந்து காட்டுவது ஒரு பெரும் பேறு. ஒரு காலத்தில் மணலிலும் சுவரிலும் வரைந்த மனிதன், பின்னர் தாளில் வரைந்தான். இன்று கணினித் திரையில் வரைகின்றான். ‘வரைகின்றான்’ என்றா சொன்னோம்? ‘வரைகின்றாள்’ என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் இதனைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

கணினியின் துணைகொண்டு பொருள்களை அளவு பிசகாமல் வரைந்து வடிவமைக்கும் முறையைச் சுருக்கமாகக் ‘கேட்’ என்பர். இது நேற்று முளைத்த கலையன்று. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இவான் சதர்லாந்து என்பவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கினார். ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற கணினியின் திரையில், ஒளிப்பேனாவைக் கொண்டு அவர் கோடுகளை வரைந்தார். “இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கட்டும்” என்று கட்டளையிட்டால் கணினி அவற்றை இணையாகவே திருத்தி வைத்தது. 1982ஆம் ஆண்டில் ‘ஆட்டோகேட்’ வெளிவந்து, இக்கலையை மேசைக் கணினிகளுக்குக் கொண்டு வந்தது. அன்று ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்த ஒன்று, இன்று நம் வீட்டு மடிக்கணினியிலேயே ஒரு காசும் செலவின்றிக் கிடைக்கின்றது.

கிடைக்கின்றது என்பது மகிழ்ச்சியே. ஆனால் ஒன்றல்ல, பத்து கிடைக்கின்றன. அங்கேதான் தொல்லை தொடங்குகின்றது. பொழுதுபோக்காகவும் ஆர்வத்தாலும் இக்கலையைக் கற்க விரும்பும் புதியவர்கள் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? இதைப் பற்றி எங்களுக்கென்று ஒரு கருத்து உண்டு. அது ஏட்டைப் படித்து வந்ததன்று, பட்டுத் தெரிந்துகொண்டது.

நாங்கள் இழந்தது

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக எங்களுள் ஒருத்தி, மழைநீர் வடிகட்டியின் மாதிரி ஒன்றைக் கணினியில் வரைந்தாள். யாரோ பெயர் சொன்ன, பெரிய தொழிற்சாலைகள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டாள். ‘முப்பது நாள் இலவசம்’ என்று அதில் எழுதியிருந்தது. அரையாண்டுத் தேர்வு குறுக்கிட்டது. காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தாள். எஞ்சிய நாள்களில் இரவு உணவுக்குப் பின் சிறிது சிறிதாக வரைந்து முடித்தாள். முப்பத்தோராம் நாள் காலையில் மென்பொருளைத் திறந்தால், பணம் கட்டும்படி ஓர் அறிவிப்பு! கேட்ட தொகையோ, அவள் தந்தையின் ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். வரைந்த கோப்பு அவள் கணினியிலேயே இருந்தது; ஆனால் திறக்க வழியில்லை. வேறெந்த மென்பொருளும் அதனைப் படிக்க மறுத்துவிட்டது. கண்காட்சியில் அவள் மேசை மீது, கையால் அவசரமாக வரைந்த ஒரு தாள் மட்டுமே இருந்தது.

யார் செய்த தவறு அது? முப்பது நாள் என்று முன்னரே சொல்லித்தானே கொடுத்தார்கள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கேட்க வேண்டிய கேள்வியைத் தொடக்கத்திலேயே கேளாதது எங்கள் தவறே. ஆகவே இவ்வாண்டு பொழுதுபோக்கு மன்றத்தில் இக்கலையைத் தொடங்கியபோது, மென்பொருளைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

மூன்று கேள்விகள்

முதற் கேள்வி: நாம் செய்யப்போகும் பொருள் எது?

இரண்டாம் கேள்வி: நம்மிடம் இருக்கும் கணினியில் இது ஓடுமா?

மூன்றாம் கேள்வி: நாளை இலவசம் நின்றுபோனாலும் நாம் வரைந்தது நம் கையில் நிற்குமா?

‘எது புகழ் பெற்றது?’ என்பது இந்த மூன்றினுள் இல்லை என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகின்றவள் பெயரைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது, சைக்கிள் பழகுவதற்கு லாரியை வாங்குவது போன்றது. இதுவே எங்கள் கருத்தின் சாரம். இனி ஒவ்வொன்றாக விளக்குவோம்.

பொருளே வழி காட்டும்

எங்கள் முதல் வேலை ஒரு சிறு குமிழ். விடுதிப் படிப்பறையிலுள்ள மேசை மின்விசிறியில் வேகத்தை மாற்றும் குமிழ் உடைந்து, மாதக்கணக்கில் பிள்ளைகள் குறடு வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குமிழை நாமே வரைந்து, ஆய்வகத்திலுள்ள முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்தால் என்ன என்று தோன்றிற்று. மின்விசிறியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இயற்பியல் ஆய்வகத்தின் வெர்னியர் அளவியால் குமிழ் பொருந்த வேண்டிய தண்டை அளந்தோம். விட்டம் 6 மில்லிமீட்டர். ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருந்தது. தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 4.5 மில்லிமீட்டர்.

இத்தகைய சிறு பொருளுக்கு ‘டிங்கர்கேட்’ என்பதே தொடக்கத்திற்கு ஏற்றது என்பது எங்கள் அனுபவம். இதனைக் கணினியில் நிறுவவே வேண்டியதில்லை. இணைய உலாவியில் திறந்தால் போதும். உருளை, பெட்டி, கூம்பு போன்ற வடிவங்களை எடுத்து வைத்து, ஒன்றோடொன்று ஒட்டலாம். ஒரு வடிவத்தைத் ‘துளை’ என்று அறிவித்தால் அது மற்றொன்றைக் குடைந்துவிடும். கொழுக்கட்டை மாவைப் பிசைந்து பொம்மை செய்த எவருக்கும் இது புரியும். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்கள் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் எங்களைத் தள்ளிவிட்டுத் தானே வரையத் தொடங்கிவிட்டாள். ஆசிரியர் ஒரு வகுப்பைத் தொடங்கி, மாணவியருக்குக் குறியீடும் புனைபெயரும் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் மின்னஞ்சலைத் தர வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளின் பெயரும் விவரமும் இணையத்தில் பரவுமே என்று அஞ்சும் பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி.

முதலில் அச்சிட்ட குமிழ் தண்டில் நுழையவே இல்லை! 6 மில்லிமீட்டர்த் தண்டுக்கு 6 மில்லிமீட்டர்த் துளை வைத்திருந்தோம். அச்சிடும்போது துளை சற்றே குறுகிவிடும் என்பதை அப்போதுதான் கற்றோம். தையல் வகுப்பில் என்ன கற்பிக்கின்றார்கள்? உடம்பின் அளவுக்கே துணியை வெட்டினால் சட்டை போட முடியாது. தளர்ச்சி விட வேண்டும். அதே பாடந்தான் இங்கும். துளையை 6.3 மில்லிமீட்டராக்கினோம். குமிழ் ‘டக்’கென்று பொருந்தியது.

ஆனால் அடுத்த அறை மின்விசிறிக்கும் ஒரு குமிழ் கேட்டார்கள். அதன் தண்டு வேறு அளவு. இப்போது டிங்கர்கேட்டில் ஒட்டிய வடிவங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் திருத்தி, மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. இரண்டு குமிழுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. இருபது குமிழுக்கு என்றால்? அங்கேதான் அடுத்த படிக்கு ஏறும் வேளை வருகின்றது.

அளவே ஆணையாகும் மென்பொருள்கள்

இரண்டாம் வகை மென்பொருள்களில் முதலில் ஒரு தட்டையான வரைபடத்தை வரைகின்றோம். ‘இக்கோடு 4.5 மில்லிமீட்டர், இவ்வட்டத்தின் விட்டம் 6.3 மில்லிமீட்டர், இவ்விரண்டும் இணை’ என்று ஒவ்வொன்றையும் எண்ணாலும் நிபந்தனையாலும் கட்டுகின்றோம். பிறகு அந்தத் தட்டை வரைபடத்திற்கு உயரம் கொடுத்துத் திண்மமாக்குகின்றோம். பின்னர் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த அனைத்தும் தாமே மாறிக்கொள்ளும். அன்று சதர்லாந்து ஒளிப்பேனாவால் செய்து காட்டிய அதே கருத்துத்தான்! ‘ஃப்ரீகேட்’, ‘ஃபியூஷன்’, ‘ஆன்ஷேப்’ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கவராயத்தையும் மூலைமட்டத்தையும் விரும்புகின்றவர்களுக்கு இம்முறை விரைவில் பிடித்துவிடும்.

நிரல் எழுதுவதில் இன்பம் காணும் தோழியருக்கு ‘ஓப்பன்ஸ்கேட்’ என்று ஒன்று உண்டு. அதில் சுட்டியால் வரைவதே இல்லை. ‘இன்ன விட்டத்தில், இன்ன உயரத்தில் ஓர் உருளை, அதிலிருந்து இன்னொரு உருளையைக் கழி’ என்று வரிவரியாக எழுதினால் வடிவம் திரையில் தோன்றும். கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்தும், நிரல் எழுதுவதால் என்ன பயன் என்று சலித்துக்கொள்ளும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை இந்த மென்பொருளே மனம் மாற்றிற்று.

அட்டை, துணி, பலகை முதலியவற்றை வெட்டுவதற்குத் தட்டையான வரைபடம் மட்டும் போதுமென்றால் ‘லிப்ரேகேட்’ போதும். வீட்டின் அறைகளையும் அலமாரிகளையும் வரைந்து பார்க்க விரும்புவோர்க்கு ‘ஸ்கெட்ச்அப்’ எளியது. ‘பிளெண்டர்’ என்பது மிகச் சிறந்த மென்பொருளே. ஆனால் அது சிற்பியின் கருவி. உருவங்கள், பொம்மைகள், அசைபடங்கள் செய்ய அது ஏற்றது. மில்லிமீட்டர் பிசகாத குமிழ் செய்ய அது வழியன்று. ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில் உயர்ந்தது. ஆகவேதான் பொருள் எது என்ற கேள்வியை முதலில் வைத்தோம்.

இருக்கும் கணினியில் ஓடுமா?

எங்களுள் பலருடைய வீட்டில் புதுக் கணினி இல்லை. அக்காமாருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே இன்று தங்கைமாரின் கைக்கு வந்திருக்கின்றது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தால் வந்த அந்தக் கணினிகள் வயதானவை, நினைவகம் குறைந்தவை. ‘ஃபியூஷன்’ போன்றவற்றுக்கு வலுவுள்ள கணினியும், விண்டோஸ் அல்லது மேக் இயங்குதளமும் வேண்டும்; லினக்ஸில் ஓடும் பதிப்பை அந்நிறுவனம் தருவதில்லை. ‘ஆன்ஷேப்’, ‘டிங்கர்கேட்’ இரண்டும் உலாவியில் ஓடுவன. ஆனால் இணையம் அறுந்தால் வேலையும் அறுந்துவிடும். ‘ஃப்ரீகேட்’, ‘ஓப்பன்ஸ்கேட்’, ‘லிப்ரேகேட்’ மூன்றையும் ஒரு முறை இறக்கி நிறுவிவிட்டால் இணையமே வேண்டாம். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். கைப்பேசியின் இணையத்தை வீடு முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது சிறிய வசதியன்று.

இலவசம் என்பதன் பொருள்

மூன்றாம் கேள்விக்கு வருவோம். இதுவே எங்களைச் சுட்ட கேள்வி.

இலவசம் என்பது இரு வகைப்படும். ஒன்று, உரிமையாளர் மனமிரங்கித் தருவது. மற்றொன்று, எவராலும் திரும்பப் பெற முடியாதபடி பொதுவில் வைத்துவிட்டது. முன்னது அடுத்த வீட்டுக் குழாய்த் தண்ணீர். பின்னது ஊர்ப் பொதுக்கிணற்று நீர். அடுத்த வீட்டார் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவர் வீட்டை விற்றுவிட்டால்?

இது வெறுங் கற்பனையன்று. 2011இல் தொடங்கிய டிங்கர்கேட்டே, 2013 மார்ச்சில் மூடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டது. நல்லவேளையாக, அதே ஆண்டு ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியதால் பிழைத்தது. அதே நிறுவனம் பொழுதுபோக்கினருக்காகவே ‘123டி’ என்ற பெயரில் நடத்தி வந்த இலவச மென்பொருள்கள் 2017இல் நிறுத்தப்பட்டன. கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடிய இலவச ஸ்கெட்ச்அப்பின் கடைசிப் பதிப்பு 2017ஆம் ஆண்டினது. அதன் பின்னர் இலவசப் பதிப்பு உலாவிக்குள் மட்டுமே. 2020இல் ஃபியூஷனின் இலவச உரிமத்தில், ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் 10 மட்டுமே என்ற வரம்பு வந்தது. ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் நாம் வரைவதை உலகில் எவரும் பார்க்கலாம். இவர்களைக் குறைகூற நாங்கள் எழுதவில்லை. நிறுவனம் நடத்துவோர் தம் செலவையும் பார்க்க வேண்டுமல்லவா? அவர்கள் தருவதை நன்றியோடு பெறலாம். ஆனால் வீட்டுத் திறவுகோலை அவர்களிடமே விட்டுவிட்டு உறங்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

ஃப்ரீகேட் பொதுக்கிணற்றைப் போன்றது. அதன் முதற் பதிப்பு 2002இல் வந்தது. மூலநிரல் அனைவருக்கும் திறந்திருக்கின்றது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்து, 2024 நவம்பரில் 1.0 என்ற பதிப்பை வெளியிட்டார்கள். நாளை அதை உருவாக்கியோர் அனைவரும் ஓய்வெடுத்துக்கொண்டாலும், இன்று நம் கணினியில் இருக்கும் படி ஓடிக்கொண்டே இருக்கும். நாம் வரைந்த கோப்பும் திறந்துகொண்டே இருக்கும்.

உண்மையை மறைக்காமல் சொல்வதானால், ஃப்ரீகேட் தொடக்கத்தில் முகங்கொடுத்துப் பேசாது. பொத்தான்கள் மிகுதி, எங்கே தொடங்குவது என்றே தெரியாது. முதல் வாரம் எங்களுள் இருவர் ‘இது வேண்டாம்’ என்று எழுந்து போனார்கள். அதனால்தான் அதனை முதற்படியாகச் சொல்லாமல் இரண்டாம் படியாகச் சொல்கின்றோம். டிங்கர்கேட்டில் ஒரு மாதம் விளையாடிக் கை பழகியவர்களுக்கு, ஃப்ரீகேட் அவ்வளவு அச்சம் தருவதில்லை. எழுந்து போன இருவரும் இப்போது திரும்பி வந்துவிட்டார்கள்.

கோப்பைப் பற்றியும் ஒரு சொல். முப்பரிமாண அச்சுக்கு வழக்கமாகக் கொடுப்பது ‘எஸ்.டி.எல்.’ என்னும் கோப்பு. 1987ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள அது, வடிவத்தின் மேற்பரப்பைச் சிறு சிறு முக்கோணங்களாக மட்டுமே நினைவில் வைக்கும். ‘இது வட்டம், இது துளை’ என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வெந்த இட்லியிலிருந்து மாவைத் திரும்பப் பெற முடியாதது போல, அதிலிருந்து முந்தைய வரைபடத்தைப் பெறுவது மிகக் கடினம். ‘ஸ்டெப்’ என்னும் கோப்பு உலகத் தர நிர்ணயத்தின்படி அமைந்தது. வட்டத்தை வட்டமாகவே வைத்திருக்கும். வெவ்வேறு மென்பொருள்கள் அதைப் படிக்கும். ஆகவே எதில் வரைந்தாலும், அன்றன்று வேலை முடிந்ததும், அந்த மென்பொருளுக்குரிய கோப்பையும், கிடைக்குமானால் ஸ்டெப் கோப்பையும், அச்சுக்குரிய எஸ்.டி.எல். கோப்பையும் நம் பென் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிங்கர்கேட்டில் வரைவோர் எஸ்.டி.எல். கோப்பையேனும் இறக்கிவைத்து, அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். அளவு கையிலிருந்தால் வரைபடத்தை மறுபடி வரைந்துவிடலாம்.

ஒரு பென் டிரைவின் கதை

இவ்வாண்டு நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களுள் ஒருத்தியின் பெரியம்மா மகன், நல்லெண்ணத்தோடு ஒரு பென் டிரைவைக் கொடுத்தனுப்பினார். விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றின் பூட்டை உடைத்த ‘கிராக்’ படி அதில் இருந்தது. “எல்லாரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் தவிக்கிறீர்கள்?” என்று சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் மனமும் சற்று ஊசலாடியது என்பதை ஒளிக்காமல் எழுதுகின்றோம். சென்ற ஆண்டு இழந்தவளின் முகம் எங்கள் கண் முன் நின்றது.

மன்றத்தின் பொறுப்பாளரான சிஸ்டரிடம் காட்டினோம். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “இதை விலை கொடுத்து வாங்கினீர்களா பிள்ளைகளே?” என்றார். இல்லை என்றோம். “உரியவர் கொடுத்தாரா?” என்றார். அதற்கும் இல்லை என்றோம். “அப்படியானால் இது யாருடையது?” என்று கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மூன்றாம் கேள்விக்கு விடை சொல்ல எங்களுள் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பிறகு அந்தப் பென் டிரைவிலிருந்த குறிப்பைப் படித்துப் பார்த்தோம். ‘நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடவும்’ என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. வீட்டுக்குள் வருகின்றவன், முதலில் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் அவனை என்னவென்று எண்ணுவோம்? பென் டிரைவை அப்படியே திருப்பியனுப்பினோம். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை, இப்போது அவரே ஃப்ரீகேட்டில் ஐயம் கேட்டு எங்களுக்கு எழுதுகின்றார்.

நேர்மையாக நடப்பதற்குப் பெருஞ்செலவாகும் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்விஷயத்தில் ஒரு ரூபாயும் ஆகவில்லை. பொதுவில் வைத்த நல்ல கருவி இருக்கும்போது திருட்டுப் படியை நாடுவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

பெற்றோருக்குச் சில சொற்கள்

“வேலைக்குப் போகும்போது கேட்கப்போவது பெரிய நிறுவனங்களின் மென்பொருளைத்தானே? அதையே இப்போது கற்றால் என்ன?” என்று எங்கள் தந்தையர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் சேரும்போது அவற்றைக் கற்கத்தான் வேண்டும். மாணவர் என்பதற்குச் சான்று காட்டினால் ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் கல்விக்கென்றே உரிமம் தருகின்றன. அதுவும் நேர்வழியே, அதனை நாங்கள் மறுக்கவில்லை. அவ்வுரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும். ஆனால் பதினொரு வயதிலோ பதினாறு வயதிலோ கற்க வேண்டியது பொத்தான்களின் இடத்தையன்று. அளவெடுப்பது, ஒரு பொருளை மனத்தில் பிரித்துப் பார்ப்பது, எந்த அளவு எதைச் சார்ந்தது என்று உணர்வது, தவறினால் திருத்துவது ஆகியவற்றையே கற்க வேண்டும். இவை எந்த மென்பொருளுக்குப் போனாலும் நம்முடனேயே வரும். ஒரு தையல் இயந்திரத்தில் தைக்கக் கற்றவள், வேறு இயந்திரத்தின் முன் அமர்ந்தால் நூல் கோக்கும் வழியை மட்டுந்தானே புதிதாகக் கேட்கின்றாள்? தைக்கக் கற்றது வீணாவதில்லை.

ஆகவே சான்றிதழுக்கென்று பல்லாயிரம் ரூபாய் கட்டி, விடுமுறையில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன், சற்றுப் பொறுக்குமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். அப்பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு ஒரு நல்ல வெர்னியர் அளவியை வாங்கிக் கொடுங்கள். வீட்டில் உடைந்து கிடக்கும் ஒரு மூடியை, கொக்கியை, குமிழைக் காட்டி, ‘இதைச் செய்து தா’ என்று கேளுங்கள். உங்கள் மகளுக்கு இக்கலையில் உள்ளபடியே ஆர்வம் உண்டா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஆர்வம் இல்லையென்றாலும் இழப்பு ஒன்றுமில்லை. அளவியாவது வீட்டுக்கு உதவும்!

தோழியருக்கு

எங்கள் கருத்தைச் சுருக்கிச் சொல்கின்றோம். புதிதாகத் தொடங்கும் தங்கையர் டிங்கர்கேட்டில் தொடங்குங்கள். ஆனால் அதிலேயே குடியிருந்துவிடாதீர்கள். கை பழகியதும் ஃப்ரீகேட்டுக்கு வாருங்கள். நிரலில் நாட்டமுடையோர் ஓப்பன்ஸ்கேட்டுக்கு வாருங்கள். தட்டை வரைபடம் போதுமென்போர்க்கு லிப்ரேகேட் இருக்கின்றது. எதைத் தொட்டாலும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வரைந்ததை அன்றே நகலெடுத்து வையுங்கள். இவற்றைவிட மேலாக, திரையில் வடிவத்தைச் சுழற்றிச் சுழற்றி அழகு பார்ப்பதோடு நின்றுவிடாமல், யாருக்காவது பயன்படும் ஒரு பொருளைச் செய்து முடியுங்கள்.

சென்ற ஆண்டு வரைபடத்தை இழந்த எங்கள் தோழி, அந்த மழைநீர் வடிகட்டியை இவ்வாண்டு ஃப்ரீகேட்டில் மறுபடி வரைந்துவிட்டாள். பழையதைவிடச் சிறப்பாகவே வந்திருக்கின்றது. கோப்பு மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கின்றது. அளவுகள் அவளது குறிப்பேட்டிலும் இருக்கின்றன.

படிப்பறையிலோ, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாள்தோறும் மாலையில் மின்விசிறியின் குமிழைத் திருகிவிட்டுப் படிக்க அமர்கின்றார்கள். அது யார் வரைந்தது, துளை ஏன் 6.3 மில்லிமீட்டர் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. குறடு மட்டும் இப்போது கருவிப் பெட்டிக்குள் போய்விட்டது. எங்களுக்கு அதுவே போதும்.